மேல் பழனிச் சதுப்பில் உருண்டைக் கதிர்ப் புல்: ஐசாக்னேதானா? வெட்டி நடலாமா?

ஊத்துக்கரை (கேள்வி)

வணக்கம். மன்னவனூர் பக்கம், 1,900 மீட்டருக்கு மேல், ஒரு பட்டா நிலத்தின் அடிப்பக்கம் ஊற்றுத் தண்ணீர் தேங்கும் சதுப்பு இருக்கிறது. அரை ஏக்கர் வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே வகைப் புல். பெயர்ப் பட்டியல் ஒன்றில் இதைப் பானிக்கம் என்ற புல் பேரினம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம், ஐசாக்னே என்ற பேரினமாக இருக்குமோ என்று.

விவரம்: தண்டு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, நுனி மட்டும் 30–40 செ.மீ. நிமிர்கிறது. இலை 4–7 செ.மீ. நீளம், 5–7 மி.மீ. அகலம், விளிம்பு லேசாக அறுக்கும். கதிர் 6–8 செ.மீ., நன்றாக விரிந்தது. சிறுகதிர் சுமார் 2 மி.மீ., கடுகு மாதிரி உருண்டை, பச்சையில் கொஞ்சம் ஊதா கலந்தது, கூர்முள் இல்லை. கதிர்க்கிளையிலும் சிறுகதிரின் காம்பிலும் அங்கங்கே மஞ்சள் வளையம் போல ஏதோ மினுங்குகிறது.

இது எந்தப் பேரினம்? இனம் வரை போக முடியுமா? இன்னொன்று, சதுப்பின் மேற்கு ஓரம் மாடு மிதித்து வெறும் சேறாகக் கிடக்கிறது. அங்கே இதையே வெட்டி நடலாமா? அந்தப் பக்கத்திலிருந்துதான் கிக்குயு என்ற வெளிநாட்டுப் படர்புல்லும் உள்ளே வருகிறது.

செதில்நோட்டு

அந்த மஞ்சள் வளையத்தைக் கவனித்தீர்களே, அதுவே பாதி விடை. காம்பில் சுரப்பி வளையம், உருண்டைச் சிறுகதிர், ஈர நிலம் மூன்றும் சேர்ந்தால் முதலில் ஐசாக்னே என்றுதான் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் சிறுகதிரைப் பிரித்துப் பார்க்காமல் பெயர் எழுத வேண்டாம். படரும் தண்டு, கணுவில் வேர் எல்லாம் சதுப்பில் வாழும் பல புற்களுக்குப் பொது. வெளித்தோற்றத்தை நம்பித்தான் பட்டியல்களில் பானிக்கம் என்று ஏறிவிடுகிறது.

பிரிக்கும் முறை: நன்கு விரிந்த கதிரிலிருந்து ஐந்தாறு சிறுகதிர்களைக் காம்போடு கிள்ளுங்கள். காய்ந்திருந்தால் ஒரு கரண்டி வெந்நீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு 5–10 நிமிடம் ஊற வையுங்கள். கறுப்புத் தாளின் மேல் வைத்து, இரண்டு ஊசிகளால், பத்து மடங்கு லென்ஸுக்கு அடியில் கீழிருந்து மேலாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். இருபது மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மேலிருந்து தொடங்கினால் இரண்டு பூவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், எது கீழ்ப்பூ என்று குழம்பும்.

அடியில் இரண்டு வெளிச்செதில்கள், அதாவது குளூம்கள் தெரியும். ஐசாக்னேவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். பெயரே அதுதான்: ஐசோஸ் என்றால் சமம், ஆக்னே என்றால் உமி, இரண்டும் கிரேக்கச் சொற்கள். ராபர்ட் பிரவுன் 1810-இல் ஆஸ்திரேலியச் செடிகளை விவரித்தபோது வைத்த பெயர். பானிக்கத்தில் கீழ்க் குளூம் பெரும்பாலும் தெளிவாகக் குட்டையாக இருக்கும்.

குளூமுக்கு உள்ளே இரண்டு பூ. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பானிக்கத்திலும் இரண்டு பூ உண்டு, ஆனால் கீழ்ப்பூ ஆணாகவோ வெறும் மலடாகவோ இருக்கும். அதன் லெம்மா, அதாவது பூவை மூடும் வெளி உமி, மெல்லிய சவ்வு, பார்த்தால் மூன்றாவது குளூம் மாதிரியே தெரியும். மேல்பூ மட்டும் கெட்டி, பளபளப்பு. ஐசாக்னேவில் இரண்டு பூவும் ஒன்றுபோல் கெட்டியாக, இரண்டிலும் மணி பிடிப்பதாக இருக்கலாம். சில இனங்களில் கீழ்ப்பூ ஆண், கொஞ்சம் நீளம், மென்மை. மேல்பூ பெண், உருண்டை, கெட்டி. இந்த இரண்டாவது வகைதான் பானிக்கம் என்று ஏமாற்றும்.

அப்போது தீர்ப்புச் சொல்வது உதிரும் விதம். முற்றிய கதிரை விரலால் மெல்ல உருவுங்கள். பானிக்கத்தில் குளூம், பூ எல்லாம் சேர்ந்து முழுச் சிறுகதிராகக் காம்பின் நுனியிலிருந்து உதிரும். ஐசாக்னேவில் குளூமுக்கு மேலே முறியும், பூக்கள் தனித்தனியாகக் கழன்று விழும். லென்ஸ் இல்லாமலே கையில் தெரிகிற அடையாளம் இது.

இலையுறையும் இலைத்தாளும் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே உள்ள சிறு விளிம்புக்கு லிகியூல் என்று பெயர். ஐசாக்னேவில் அது சவ்வாக இருக்காது, வெறும் மயிர் வரிசை.

சாமைவயல்

மேலே சொன்னதோடு, பக்கத்தில் வளரக்கூடிய மற்றப் புற்களையும் ஒதுக்கிவிட்டால் மனம் தெளியும்.

லீர்சியா ஹெக்ஸாண்ட்ரா சதுப்பிலும் வயல் வாய்க்காலிலும் இதே மாதிரி படரும். அது நெல்லின் உறவு. சிறுகதிர் பக்கவாட்டில் தட்டை, ஒரே பூ, குளூம் இல்லை என்றே சொல்லலாம், மகரந்தப்பை ஆறு. ஐசாக்னேவில் ஒரு பூவுக்கு மூன்று. லீர்சியாவின் லிகியூல் சவ்வு. இலையைக் கீழ்நோக்கி உருவினால் கை எரியும் அளவுக்குச் சொரசொரப்பு. உங்கள் புல்லில் உருண்டைச் சிறுகதிர் என்பதால் இது கிடையாது.

சாக்கியோலெபிஸ் ஈரப் புல்வெளியில் சாதாரணம். கதிர் விரியாது, பூனைவால் போல ஒடுங்கி நிற்கும். மேல் குளூம் அடியில் பை போல உப்பியிருக்கும். அதுவும் இல்லை.

சீலாக்னே என்று ஒரு சிறிய புல் உண்டு, ஐசாக்னேவின் நெருங்கிய உறவு. மெலிந்தது, சேற்றோடு ஒட்டி வளரும். அதில் குளூம்கள் சிறுகதிரைவிட மிகக் குட்டை, பூக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறிய செடியாகக் கிடைத்தால் இதை மறக்க வேண்டாம்.

கடைசியாக இஞ்சிப்புல், அதாவது பானிக்கம் ரெபன்ஸ். மண்ணுக்குள் கெட்டியான கூர்நுனித் தண்டு ஓடும், சிறுகதிர் நீள்வட்டம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இலையை வெட்டிப் பாருங்கள். ஒரு கேரட் துண்டைப் பிளந்து நடுவில் இலையைச் சொருகி, புது ஷேவிங் பிளேடால் கேரட்டோடு சேர்த்து மெல்லிய சீவலாகச் சீவினால் குறுக்குவெட்டு கிடைக்கும். பத்துச் சீவலில் ஒன்று நன்றாக வரும். தண்ணீர்ச் சொட்டில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் நாற்பது மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை பாருங்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தில் புற்கள் சி3, சி4 என இரண்டு வகை. இஞ்சிப்புல் சி4 வகை, நரம்பைச் சுற்றிப் பெரிய செல்கள் கரும்பச்சை வளையமாக நிற்கும், நரம்புகள் நெருக்கமாக இருக்கும். ஐசாக்னே சி3 வகை. அந்தப் பச்சை வளையம் இருக்காது, பச்சையம் இலை முழுவதும் பரவலாகத் தெரியும்.

ஊத்துக்கரை

பிரித்துப் பார்த்துவிட்டேன். லிகியூல் மயிர் வரிசைதான், 2 மி.மீ. இருக்கும். குளூம்கள் இரண்டும் சமம். பூ இரண்டு. கீழ்ப்பூ சற்று நீளம், வழுவழுப்பு, உள்ளே மூன்று மகரந்தப்பை. மேல்பூ உருண்டை, கெட்டி, முதுகில் நுண்ணிய மயிர், சூல்முடி ஊதா. முற்றிய கதிரை உருவியதில் பூக்கள் தனித்தனியாக வந்தன, குளூம்களில் சில காம்பிலேயே நின்றுவிட்டன. கேரட் சீவலில் பச்சை வளையம் இல்லை.

செதில்நோட்டு

அப்படியென்றால் பேரினம் ஐசாக்னே, இனிச் சந்தேகமில்லை.

இனத்துக்கு வருவோம். கீழ்ப்பூ நீண்டு வழுவழுப்பாக, மேல்பூ உருண்டு மயிருடன், காம்பில் மஞ்சள் சுரப்பி, படரும் தண்டு, 2 மி.மீ. சிறுகதிர் எல்லாம் ஐசாக்னே குளோபோசாவைக் காட்டுகின்றன. இந்தியாவிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை சதுப்பிலும் நெல்வயலிலும் பரவிய இனம் அது. பிரவுன் பேரினத்தை நிறுவ எடுத்துக்கொண்ட ஆஸ்திரேலியப் புல்லும் இன்று இதே இனத்துக்குள்தான் அடங்குகிறது.

ஆனால் நீங்கள் நிற்கும் இடம் மேல் பழனி. தென்னிந்திய மலையுச்சிகளில் ஐசாக்னேவுக்குக் குந்தியானா, வாக்கெரி, போர்னியோரம், ஆங்லாடெய் என்று தனித்தனி இனங்கள் உண்டு. போர்னியோரம் என்பது கொடைக்கானலில் செடி சேகரித்த போர்ன் தம்பதியரின் பெயர். இலத்தீனில் அந்த "ஓரம்" விகுதி பன்மை, கணவன் மனைவி இருவரையும் சேர்த்துச் சொல்வது. ஆங்லாடெய், செண்பகனூர் இயேசு சபைத் துறவி ஆங்லாடின் பெயர். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் சி.இ.சி. ஃபிஷர். தாவரவியலாளர் கேம்பிள் 1925-இல் இறந்த பிறகு சென்னை மாகாணத் தாவர நூலை எழுதி முடித்தவர் இவர்தான். இந்த மலைப்புற்களை ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது.

ஆகவே நோட்டில் இவற்றைக் குறித்து வையுங்கள்: குளூமின் முதுகில் மயிரோ விறைப்பான முள்மயிரோ உண்டா, குளூமில் எத்தனை நரம்பு, இரண்டு பூவும் சம நீளமா, மேல்பூவின் மயிர் முழுவதுமா விளிம்பில் மட்டுமா, இலைவிளிம்பு தடித்து வெள்ளைக் கோடாக இருக்கிறதா, கணுவில் மயிர் உண்டா, தண்டு தனித்தனியா தூரா. ஒரே செடியில் பார்க்காமல் சதுப்பின் வெவ்வேறு இடத்திலிருந்து பத்துச் செடியில் பாருங்கள். நிழலில் வளர்ந்ததும் ஆழத் தண்ணீரில் வளர்ந்ததும் இலை அகலத்தில் இரண்டு மடங்கு வேறுபடலாம். இலை அளவை மட்டும் வைத்து இனம் சொல்வது இந்தப் பேரினத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு மாதிரி எடுத்து, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல உலர்தாவரக் கூடத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் கூடத்திலோ உள்ள தாள்களோடு ஒப்பிட வேண்டும். பழனி மலைத் தாவரங்களுக்கு ராபினாட் கூடம் முக்கியமான இடம்.

தாள்மடிப்பு

மாதிரி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை, சதுப்புப் புல்லில்தான் அதிகம் வீணாகிறது.

வேரோடு எடுங்கள், கணுவேர் தெரிய வேண்டும். சேற்றை ஓடும் தண்ணீரில் அங்கேயே அலசிவிடுங்கள், காய்ந்த சேறு பிறகு போகாது. தாள் அளவு 42 × 28 செ.மீ. செடி நீண்டால் வெட்டாமல் ஆங்கில V அல்லது N எழுத்து வடிவில் மடித்து வையுங்கள். செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, முதல் மூன்று நாள் தினமும் இரண்டு தடவை தாள் மாற்றுங்கள், பிறகு தினம் ஒரு தடவை. கொடைக்கானல் மூடுபனியில் தாள் காயவே காயாது. அதே ஈரத்தாளைத் திரும்பப் போட்டால் மூன்றாம் நாளே இலையுறையில் கரும்பூசணம் பிடித்து லிகியூல் அழுகிவிடும். அடுப்புக்கு மேலே எட்ட, மிதமான சூடு படும் இடத்தில் அழுத்திகளை நிறுத்தி வைத்தால் போதும்.

ஐசாக்னே பூக்கள் காய்ந்ததும் உதிரும். முன்னதாகவே ஒரு சிறு காகித உறையில் முற்றிய கதிர் ஒன்றைப் போட்டு, அந்த உறையைத் தாளிலேயே ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்துத் திறப்பவருக்கு வெறும் காம்புதான் கிடைக்கும்.

சுரப்பியின் மஞ்சள் காய்ந்தால் மங்கிவிடும். சூல்முடியின் ஊதாவும் நிற்காது. இரண்டையும் பச்சையாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். கூடவே உயரம், தண்ணீர் ஆழம், அருகில் வளரும் செடி, தேதி. பூச்சிக்கு மெர்க்குரிக் குளோரைடு பழைய வழக்கம், அதைத் தொடவே வேண்டாம், கொடிய நஞ்சு. பாலித்தீன் பையில் கட்டி உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் போதும்.

பட்டா நிலம் என்பதால் உரிமையாளர் சம்மதம் போதும். ஓடையைத் தாண்டி வனத்துறை எல்லை தொடங்கினால் அனுமதி இல்லாமல் ஒரு தண்டுகூட எடுக்கக் கூடாது.

ஈரக்காடு_உதகை

நடுவதற்கு வருகிறேன். நடலாம், நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த ஓரம் ஏன் வெறும் சேறானது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். மாடு மட்டும்தான் காரணமா, இல்லை எங்காவது வடிகால் வெட்டியிருக்கிறார்களா? ஒரு மூங்கில் குச்சியில் செ.மீ. கோடு போட்டு ஐந்து இடத்தில் ஊன்றி, வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை எழுதுங்கள். கோடையிலும் மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஒரு சாணுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் புல் நிற்கும். அதைவிட இறங்கினால் அது கிக்குயுவின் இடம், எத்தனை முறை நட்டாலும் தோற்கும்.

வடிகால் இருந்தால் அதை அடையுங்கள். ஒரே பெரிய தடுப்பாக வேண்டாம், தண்ணீர் ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு போகும். சரிவில் 10–15 செ.மீ. இறக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் தடுப்பு, அங்கேயே கிடைக்கும் கருஞ்சேற்றைச் சாக்கில் அடைத்து வைத்தால் போதும். சதுப்பைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் குட்டை தோண்டுவார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சுற்றியுள்ள கரிமண்ணில் ஊறி நிற்கும் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்கு இறங்கி, ஓரம் காய்ந்து, காய்ந்த கரிமண் மக்கித் தாழ்ந்துவிடும். அதன் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

நடுகை: பூக்காத, முதிர்ந்த படர்தண்டை 12–15 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். வேர் விட்ட கணு ஒன்றாவது இருக்கட்டும். ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே நட்டுவிட வேண்டும். சாய்வாகச் சொருகி இரண்டு கணு சேற்றுக்குள், இலை வெளியே. துளைக்கு இரண்டு துண்டு, இடைவெளி 25 செ.மீ. சதுர மீட்டருக்கு 16 துளை, 100 சதுர மீட்டருக்கு 1,600 துளை, 3,200 துண்டு. இவ்வளவையும் ஒரே இடத்தில் அறுக்காதீர்கள். நன்றாக நிற்கும் பகுதியில் ஒரு சாண் அகலப் பட்டையாக, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எடுத்தால் தாய்ப்பகுதி தானே மூடிக்கொள்ளும்.

காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அக்டோபர், நவம்பர் மழையில் நட்டால் வேர் பிடிக்கும் முன் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும், பிடித்தது டிசம்பர் பனியில் மாட்டும். முதல் மாதம் தண்ணீர் மண் மட்டத்திலேயே இருக்கட்டும், அதிகம் போனால் 2–3 செ.மீ. இலை முழுவதும் மூழ்கினால் அழுகும். இரண்டு மாதமாவது மாடு உள்ளே வராமல் முள்வேலி கட்டுங்கள். மாடு மேய்வதைவிட மிதிப்பதுதான் மோசம், புதுத்துண்டு அப்படியே சேற்றுக்குள் போய்விடும்.

உரம் எதுவும் போட வேண்டாம். மேலே உருளைக்கிழங்கு, பூண்டுக் காடு இருந்தால் அங்கிருந்து வரும் உரத்தண்ணீரே அதிகம், அது கிக்குயுவுக்குத்தான் ஊட்டம். முடிந்தால் அந்த வாய்க்காலைச் சதுப்புக்குள் விடாமல் திருப்பிவிடுங்கள்.

கிக்குயுவைக் கையால்தான் எடுக்க வேண்டும். களைக்கொத்தால் விளிம்பைப் பிளந்து பாய் போலச் சுருட்டிக்கொண்டே வந்தால் பெரும்பகுதி வந்துவிடும். விட்டுப்போன ஒரு கணு போதும், திரும்ப முளைக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று சுற்று போக வேண்டும். எடுத்ததைத் தார்ப்பாயில் வேர் மேலாகக் கவிழ்த்துக் காய வையுங்கள். ஓடையில் வீசினால் கீழே இருக்கும் அடுத்த சதுப்புக்கு நீங்களே நட்டது போல ஆகும். களைக்கொல்லி தண்ணீர் நிற்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

துண்டுகளை அதே சதுப்பிலிருந்தே எடுங்கள். நீலகிரியிலிருந்து பழனிக்கோ, பழனியிலிருந்து இங்கேயோ கொண்டுபோக வேண்டாம். மலைக்கு மலை இனம் மாறும் பேரினம் இது. பெயர் உறுதியாகாத புல்லை இடம் மாற்றினால் பிறகு எது சொந்தம், எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாமைவயல்

நீலகிரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சதுப்பைச் சுத்தம் செய்ய இறங்கினால் ஒரு எச்சரிக்கை. அங்கே சதுப்பில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் உண்டு. கதிர் பொன்பழுப்பு மயிர் மூடி, பட்டுப் போல இருக்கும். கரும்பின் உறவு, நீலகிரிக்கே உரியது. தோடர்கள் அவ்ஃபுல் என்பார்கள், தங்கள் கோயில் கூரை வேய்வது இதை வைத்துத்தான். பூக்காத காலத்தில் முரட்டுப்புல் என்று பிடுங்கிவிடக் கூடாது.

சி3, சி4 விஷயம் மைக்ரோஸ்கோப்போடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐசாக்னே சேர்ந்துள்ள மைக்ரைராய்டியே துணைக்குடும்பத்தில் சி3-யும் உண்டு, சி4-உம் உண்டு. மேட்டுப் புல்வெளியின் கிரைசோபோகன், தெமெடா எல்லாம் சி4. சதுப்புக்குள் சி3. இரண்டிலும் கார்பன்-13, அதாவது சற்றுக் கனமான கார்பனின் விகிதம் வேறு: ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் சி3 செடியில் ஆயிரத்துக்கு மைனஸ் 27 அளவில், சி4 செடியில் மைனஸ் 13 அளவில். நீலகிரிச் சதுப்பின் கரிமண்ணை ஆழம் ஆழமாக எடுத்து இந்த விகிதத்தை அளந்துதான், சூழலியலாளர் சுகுமார் குழுவினர் 1993-இல் கடந்த சுமார் 20,000 ஆண்டு மழை, வறட்சி மாற்றத்தைப் படித்தார்கள். சதுப்புக்குள் குட்டை தோண்டாதே என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாள் ஜேசிபி ஓடினால் அந்த அடுக்கு கலைந்தது கலைந்ததுதான்.

ஊத்துக்கரை

எல்லாருக்கும் நன்றி. தேடிப் பார்த்ததில் மேற்கு ஓரத்தில் ஒரு முழ ஆழ வடிகால் இருக்கிறது, பழைய பூண்டுக் காட்டுக்கு வெட்டியது. அதை அடைக்கிறோம். இரண்டு சந்தேகம்: அடைத்த பிறகு வடகிழக்கு மழையில் தண்ணீர் ஒரு சாண் ஏறினால் என்ன ஆகும்? தண்டுக்குப் பதில் விதை போடலாமா?

ஈரக்காடு_உதகை

வேர் பிடித்த புல் ஒரு சாண் தண்ணீரைத் தாங்கும், கணு நீண்டு நுனி மேலே வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இலை மூழ்கி நின்றால்தான் ஆபத்து. அதனால் கடைசித் தடுப்பின் நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பள்ளம் விட்டு, மண் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே வழியும்படி செய்யுங்கள். பள்ளத்தில் கல் பதியுங்கள், வெறும் மண்ணாக விட்டால் அரித்துவிடும்.

பனியில் மேல் இலை கருகும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம், சேற்றுக்குள் இருக்கும் கணு பச்சையாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். கருகிய இலையை வெட்டவும் வேண்டாம், அடுத்த பனிக்கு அதுவே போர்வை.

விதை போடலாம், ஆனால் துணைக்கு மட்டும். கதிரை உருவும்போது தானாகக் கழலும் பூக்களை மட்டும் எடுங்கள். உள்ளே மணி இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள், கீழ்ப்பூ ஆணாக இருக்கும் இனத்தில் பாதி வெறும் உமிதான். ஈரச் சேற்றின் மேல் தூவி லேசாகத் தட்டினால் போதும், மண் போட்டு மூடாதீர்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் தூவினால் எல்லாம் மிதந்து ஒரு மூலைக்குப் போய்விடும். தடுப்பு அடைத்து, மட்டம் நிலைத்த பிறகு செய்யுங்கள்.

செதில்நோட்டு

ஊத்துக்கரை, வடிகாலை அடைக்கும் முன் அதன் இரு கரையிலும் ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள். காய்ந்த கரையிலும் ஈரக் கரையிலும் வளர்வது ஒரே இனம்தானா என்று அப்போதுதான் தெரியும். மட்டம் ஏறிய பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிடும். மேல்பூவின் மயிரும் குளூமின் நரம்பு எண்ணிக்கையும் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.